யபாசேக்குத் திரும்பும் பாய்மரம்

"...கையால யாரும் அடிக்கலண்ணே. மணி அடிச்சுது, ஆனா அடிக்குற கட்டை அசையல."

"கட்டை அசையாம மணி எப்படிலே அடிக்கும்?"

"அதத்தாண்ணே நானும் கேக்குறேன்."

"சூட்டுல சென்சார் கெட்டிருக்கும். பிளாஸ்டிக் மணி. உள்ள ஒரு ஸ்பீக்கர். இதுக்குப் பயந்து மூணு ஆம்பளைங்க பம்பு ரூமுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கீங்க. வெக்கமா இல்ல?"

"தெனமும் உச்சி வேளையிலதாண்ணே அடிக்குது."

"உச்சி வேளையாம்! ஏலே, இந்த ஊர்ல ஆகஸ்ட் மாசம் உச்சியில வெளிய நிக்க பேய்க்கே பெர்மிஷன் கெடையாது. லேபர் ஆபீஸ்காரன் பார்த்தா ஃபைன் போட்டுருவான்."

கிளிட்டஸ் தன் பகடிக்குத் தானே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் சொன்னாரே என்ற மரியாதைக்குச் சோலைமுத்து மட்டும் உதட்டை லேசாக விரித்து மூடிக்கொண்டான். அவன் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஏரித் தண்ணீரை ஓட்டும் பம்புகள் அவன் பொறுப்பு. அவனுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்ற இரண்டு நேபாளிகளுக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் பேச்சு எதைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"சாயங்காலம் அந்த ஜப்பான்காரர் வாரார். அர்பாபும் கூட வாரார். பாய்மரப் படகை ஓட்ட ஒருத்தன் வேணும். எவன் வாரான்?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தவனைச் சொல்லணும்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தான் கிளிட்டஸ்.

வெளியே ஓட்சு நகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், கல்குவாரிக்கும் சிமெண்டு ஆலைக்கும் நடுவில் இருந்தது அந்த ஓட்சு. அர்பாப், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரரான அரபு முதலாளி, ஒரு முறை குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போனார். பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஓட்சு நகரத்தைப் பார்த்தார், மயங்கினார், திரும்பி வந்து தன் நிலத்தில் சுற்றுலாப் பூங்காவாக அப்படியே ஒன்று வேண்டும் என்றார். கேட்டது கிடைத்துவிடும் மனிதர்களுக்கு எது கிடைத்திருக்கிறது என்று கடைசிவரை தெரிவதில்லை. நிஜ பிவா ஏரி பல லட்சம் ஆண்டு வயதானது. உலகத்தின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. இங்கே ஒரு பள்ளம், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, இடுப்பளவு குளோரின் தண்ணீர். அங்கே மேற்கே ஹியேய் மலை. பனி உறையும், மேகம் இறங்கும், அதைத் தாண்டினால் கியோட்டோ. இங்கே ஹியேய் மலையாக நின்ற குன்றைக் குவாரிக்காரர்கள் நாளொரு துண்டாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் புழுதி ஏரியின்மேல் பால் ஏடு போலப் படியும். காலையில் அதை வலைபோட்டு அள்ளவேண்டும்.

இதையெல்லாம் கிளிட்டஸ் அளவுக்கு வெறுத்தவர் யாரும் இல்லை. ஏனென்றால் நிஜ ஓட்சுவை அவன் அளவுக்கு நேசித்தவரும் அங்கே இல்லை. வழிகாட்டி வேலையும் அதற்கான பேச்சை எழுதும் வேலையும் அவன் தலையில் விழுந்ததால் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தான். ஏரியின் தென்மேற்குக் கரையோரம் ரிப்பனைப் போல நீண்டு கிடக்கும் ஊர் அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐந்தே வருடம் நாட்டின் தலைநகராக இருந்துவிட்டு, ஒரு பங்காளிச் சண்டையில் அழிந்து மறுபடி ஏரிக்கரை ஊராகிப்போனது. செத்தாவில் உள்ள பாலத்தைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தான் என்பார்கள். மலையைக் குடைந்து ஏரித் தண்ணீரைக் கியோட்டோவுக்குக் கொண்டுபோகும் கால்வாயின் இரு கரையிலும் வசந்தத்தில் செர்ரிப் பூ கொட்டும். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினால் அந்தக் கால்வாய் ஓரமாகவே அவன் நடப்பான். கேம்ப் அறையில் பக்கத்துக் கட்டில்காரன் வீடியோ காலில் மனைவியோடு சண்டை போடுவது அவன் காதில் விழாது.

கண்ணைத் திறந்தால் இது.

நிஜ ஏரியின் எட்டுக் காட்சிகள் பேர்போனவை. பழைய ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தவை. கரசாகியின் இரவு மழை, இங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய். இஷியாமாவின் இலையுதிர்கால நிலவு, ஒரு எல்.இ.டி. தட்டு. மீதேரா கோயிலின் மாலை மணி மலையடிவாரத்தில் இருக்கவேண்டியது. ஏரிக்குள் தூணில் நிற்கும் கதாதா மண்டபம் அங்கிருந்து வெகு தூரம் வடக்கே. இங்கே செலவை மிச்சம் பிடிக்க மணியைத் தூக்கி மண்டபத்துக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தார்கள். அதுவும் ஃபைபர் மணி. கட்டையால் இடித்தால் உள்ளேயிருக்கும் சென்சார் ஸ்பீக்கரைப் பேசவைக்கும்.

எட்டில் ஒன்று மட்டும் உருப்படியாக இருந்தது. யபாசேக்குத் திரும்பும் பாய்மரங்கள். அதற்குக் காரணம் பத்திநாதன்.

மணப்பாட்டுக்காரன். கடலிலேயே வளர்ந்தவன். அந்த அசட்டுப் படகில், படுக்கை விரிப்பு மாதிரியான பாயைக் கட்டி, அந்தக் குட்டையில் நிஜமாகவே அந்திக்கு வீடு திரும்பும் படகைக் காட்டினான். படகு கரையைத் தொடுவதும் பாய் சரிந்து இறங்குவதும் ஒரே கணத்தில் நடக்கும். படகில் கால் வைக்குமுன் ஒரு கை தண்ணீர் அள்ளி, படகின் முகப்பில் இருக்கும் தலைமரத்தில் சிலுவை வரைந்துவிட்டுத்தான் ஏறுவான்.

"கக்கூஸ் தண்ணியச் சுத்தம் பண்ணி விட்டிருக்கான். அதைத் தொட்டுச் சிலுவை போடுதான் பாரு" என்பான் கிளிட்டஸ். தூத்துக்குடியில் அவன் அப்பாவும் அப்படி வரைந்தவர்தான். அதை அவன் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பத்திநாதனுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. ஊரில் பிள்ளை பிறந்திருந்தது. போய் முகம் பார்க்க லீவு வேண்டும். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்பான்: "அண்ணே, லீவு..."

"பாக்கலாம், போ."

பிள்ளை குப்புற விழுந்தது. தவழ்ந்தது. எழுந்து நடந்தது. பதில் மட்டும் மாறவில்லை. ஓப்பனிங் முடியாமல் அவனை அனுப்பினால் படகு நின்றுவிடும். படகு நின்றால் ஜப்பானிலிருந்து வரும் நிபுணர் உதட்டைப் பிதுக்குவார். அவர் பார்த்துச் சரி என்று சொன்னால், வழிகாட்டியை மூன்று மாதப் பயிற்சிக்கு நிஜ ஓட்சுவுக்கே அனுப்புவதாக அர்பாப் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மூன்று மாதத்தை நினைத்துத்தான் கிளிட்டஸ் இந்தப் புழுதியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் தொடக்கத்தில், நண்பகல் வெயிலில் வேலை செய்ய அரசு போடும் கோடைத் தடை வருவதற்கு முன், ஒருநாள் படகில் பாயை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்திநாதன் படுத்துக் கிடந்தான். கரையில் நின்று கிளிட்டஸ் வாய்க்கு வந்தபடி ஏசினான். டூட்டியில் தூங்குகிறாயா, உன் அப்பன் வீட்டுப் படகா என்று கேட்டான். தண்ணீர் பாட்டிலை எறிந்தான். அது நெஞ்சில் பட்டு உருண்டது. சோலைமுத்து போய்ப் பாயை விலக்கிய பிறகுதான் இத்தனை நேரமும் செத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்து உடலை ஏற்றியது. கடற்கரை ஊர்களில் ஒருவர் இறந்தால் மாதா கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். வேலையாட்களில் மூன்று நான்கு பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். இங்கே கோயிலும் இல்லை, அழ ஆளும் இல்லை, ஒரு மணியாவது அடிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

மீதேரா மணியைப் பற்றி வழிகாட்டிப் பேச்சில் கிளிட்டஸே எழுதியிருந்தான். அந்த நாட்டுக் கோயில்களில் வரும்போது மணி அடிக்கலாம். புறப்படும்போது அடிக்கக் கூடாது. அடித்தால் அது திரும்ப அழைக்கும் மணி என்பார்கள். அந்த மீதேரா மணியையே ஒரு காலத்தில் ஹியேய் மலையின் முரட்டுத் துறவி ஒருவன் திருடி மலைமேல் இழுத்துப் போனானாம். அடித்தபோதெல்லாம் அது வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று அழுததாம். எரிச்சலில் அவன் அதைப் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டானாம்.

எழுதியதை நம்பவேண்டும் என்று எங்கே சட்டம் இருக்கிறது? அதுவும் ஃபைபர் மணி.

"நவுருங்கலே" என்று கட்டையைத் தானே பிடித்து இழுத்து இடித்தான் கிளிட்டஸ். ஸ்பீக்கர் ஓங்கி முழங்கியது. ஆம்புலன்ஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போனது. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அந்த மௌனம் அவனுக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்தி ஆட்டினான்.

"ஏ பத்தி! லீவு சாங்ஷன் ஆயிட்டுடே! ரெண்டு மாசம். நல்லபடியாப் போயிட்டு வா. ஓப்பனிங்குக்கு டூட்டியில வந்து நிக்கணும், கேட்டியா?"

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன்கூடப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லமாட்டான். செத்தவனையே போய்விட்டு வா என்று யாராவது சொல்வார்களா? சோலைமுத்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது கிளிட்டஸுக்கு இப்போதும் நினைவிருந்தது. அன்றைக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். சோலைமுத்து நிழல் முடியும் இடம்வரை வந்து நின்றிருந்தான்.

"அண்ணே, மண்டபத்துக்குப் போகாதீங்க."

"போயி அந்த வயரைப் புடுங்கி எறியப் போறேன். அப்பயாச்சும் உங்க வாயி மூடும்."

"அதில்லண்ணே." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க குடுத்த ரெண்டு மாச லீவு முடிஞ்சிருச்சு."

"போலே" என்றான் கிளிட்டஸ்.

கரையிலிருந்து மண்டபத்துக்கு ஒரு மரப்பாலம். காலடியில் பலகைகள் முனகின. காற்று இல்லை. ஈரக் கம்பளியைத் தலைவழியாகப் போர்த்தியது போல வெக்கை. வானம், தண்ணீர், மலை எல்லாம் ஒரே வெள்ளையாக வெளுத்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஓய்வு நேரம் என்பதால் குவாரியும் நின்றிருந்தது. நாளெல்லாம் கேட்கும் கல்லுடைக்கும் சத்தம் இல்லாமல், தன் செருப்புச் சத்தமே அவனுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஒரு குருவிகூட இல்லை.

மண்டபத்துக்குள் மணி, பச்சை வண்ணம் பூசி, பழசு போலக் காட்ட அங்கங்கே கறை பூசி, அசையாமல் தொங்கியது. அதன் வாய்க்குள் கையை விட்டு, ஸ்பீக்கர் வயரைத் தேடி, பல்லைக் கடித்து இழுத்தான். அறுந்து வந்தது. கட்டையையும் கயிற்றால் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

"அடி பாப்போம்" என்றான் மணியிடம்.

ஈரச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தூணில் சாய்ந்தான். எதிர்க்கரையில் யபாசேப் படகுத்துறை வெள்ளை ஒளியில் நடுங்கியது. படகு அங்கே கட்டிக் கிடந்தது.

முதலில் வாசனைதான் வந்தது.

குளோரின் நெடி விலகியது. ஈர வலை, டீசல், கருவாடு. அவன் ஓடிவந்த கரையின் வாசனை. மூக்கைத் துடைத்துக்கொண்டான். போகவில்லை.

மணி அடித்தது.

வயர் அவன் கையில் இருந்தது. கட்டை தூணில் கட்டியபடி இருந்தது. சத்தம் காது வழியாக வரவில்லை. பலகை வழியாக உள்ளங்காலில் ஏறி முழங்காலில் நடுங்கியது. வெண்கலத்தின் கனத்த குரல். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் நூற்றாண்டுகளாகத் தொங்கும் ஒன்றின் குரல். ஃபைபருக்கு அந்தக் குரல் வராது. ஏரியின்மேல் படிந்திருந்த புழுதி ஏடு மண்டபத்தைச் சுற்றி வட்டவட்டமாக விரிசல் விட்டது.

எதிர்க்கரையில் படகின் பாய் ஏறியது.

காற்று இல்லை. இலை அசையவில்லை. பாய் மட்டும் நிறைந்திருந்தது.

படகு துறையை விட்டு நகர்ந்தது.

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் சீராகக் கேட்டது. படகு நெருங்க நெருங்க அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. துடுப்பு இரண்டும் படகுக்குள்ளே, குறுக்குப் பலகையில் சாத்தியபடி கிடந்தன.

ஆள் இல்லை.

கிளிட்டஸுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டான். படகு மண்டபத்தை ஒட்டித் திரும்பிய அழகில், பயத்துக்கு நடுவே, அவன் மனம் வேறு ஒன்றைக் கவனித்தது. தலைமரம் மண்டபப் படியைத் தொட்டது; அதே கணத்தில் பாய் மடிந்து சரிந்தது. இத்தனை நாள் நேபாளிகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியும் ஒருமுறைகூட வராத அது, ஒரு மயிரிழை பிசகாமல் நடந்தது.

சாயங்காலம் இப்படி நடந்தால் போதும்.

அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவனுக்கு வெட்கம் வரவில்லை. அதுதான் பிறகு யோசித்திருந்தால் அவனையே நடுங்கவைத்திருக்கும்.

படகின் தலைமரத்தில் ஈரத்தில் ஒரு சிலுவை. துப்பிய எச்சில் தரையைத் தொடுமுன் காயும் வெயில் அது. சிலுவை காயவில்லை.

படியில் ஒரு ஈரக் காலடி விழுந்தது. வெறும் கால். அது ஆவியாகி மறையுமுன் அடுத்தது. பிறகு அடுத்தது. அவசரமில்லாமல், மேலதிகாரியின் அறைக்குள் நுழைகிறவன் வைக்கிற மாதிரித் தயங்கித் தயங்கி, அவனை நோக்கி வந்தன.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

திரையில் ஆபீஸ் இஃப்பத்தின் பெயர். பிடித்துத் தொங்க இந்த உலகத்தின் பொருள் ஏதாவது வேண்டியிருந்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"கிளிட்டஸ் பாய்! கெஸ்ட் துபாய்ல இருந்து கிளம்பியாச்சு. போட்டோ பார்த்தே ரொம்பக் குஷி அவருக்கு." ஷார்ஜாவில் தமிழர்கள் நடுவே வளர்ந்த பெண், உற்சாகத்தில் வேகமாகப் பேசினாள். "உங்க ஜப்பான் பேப்பர்ஸ் அர்பாப் டேபிள்ல இருக்கு. இன்னைக்கு ஷோ நல்லாப் போனா கலாஸ், வேலை முடிஞ்சுது, அவர் சைன் பண்ணிடுவார். திரும்பும் படகு மட்டும் கண்டிப்பா வேணுமாம், அதைப் பார்க்கத்தான் வர்றாராம். போட்மேன் இருக்கான்ல? இருக்கானா இல்லையா, சொல்லுங்க."

கால்வாய் ஓரம். செர்ரிப் பூ. உண்மையான மலையிலிருந்து இறங்கும் உண்மையான குளிர்.

ஈரக் காலடிகள் அவன் செருப்புக்கு முன்னால் வந்து, இரண்டு பாதமும் சேர்ந்து, ஒழுங்காக நின்றன. அந்த இரண்டு மட்டும் காயவில்லை.

"இருக்கான்" என்றான் கிளிட்டஸ். "டூட்டிக்கு வந்துட்டான்."

"மாஷா அல்லா! அப்ப சாயங்காலம் பார்க்கலாம், பாய்."

போன் அணைந்தது. குவாரி இன்னும் தொடங்கவில்லை. கரையில், நிழலின் விளிம்பில், சோலைமுத்து சிறிதாகத் தெரிந்தான். அவன் இங்கே பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

கருவாட்டு வாசனை முகத்துக்கு நேராக, ஒரு மனித உயரத்திலிருந்து, மூச்சாக வந்து பட்டது.

மணியின் வாய்க்குள்ளிருந்து, வயர் அறுந்த அந்த ஸ்பீக்கரிலிருந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேசுகிறவனின் தாழ்ந்த குரல் வந்தது.

"அண்ணே... எனக்கு ஒரு லீவு வேணும்ணே. இந்தத் தடவை திரும்பி வரச் சொல்லிராதீங்கண்ணே."